ஆடாத நாற்காலி

குருண் ரப்பர் தோட்டத்துப் பட்டறையில் நிலைகொள்ளாமல் நிற்கிறாள் மருதம்மாள். ஜப்பான் அதிகாரி கேட்ட நாற்காலியை அவள் புருஷன் குழந்தைவேலு ஆசாரி செய்து முடித்துவிட்டார். அதை ஒப்படைத்ததும் அவரும், போனவர் திரும்பாத சயாம் ரயில் வேலைக்கு லாரி ஏறவேண்டும். கூரை ஓட்டை வழியே வெயில் இறங்கி மரச்சீவல்மேல் கிடக்கிறது. "ஏங்க, ஒரு காலை மட்டும் கொஞ்சம் அறுத்து விடுங்களேன். ஆடுனா திருப்பி அனுப்புவான்லா. இன்னும் ரெண்டு நாளு இங்கயே கெடக்கலாம்." தலையாட்டிவிட்டு அறுக்கிறார். நாற்காலியின் முதுகை அழுத்துகிறார். டக். அவளுக்கு மூச்சு வருகிறது. மறுபடி அழுத்துகிறார். டக். சோற்றில் கல் கடிபட்டதுபோல அவர் முகம் சுளிக்கிறது. பீடியைப் பற்றவைக்கிறார், இழுக்காமலே நசுக்குகிறார். "விட்டுத் தொலைங்க!" ரப்பர் மரங்களுக்கு அப்பால் ஏதோ உறுமுகிறது. ரோட்டைப் பார்க்க ஓடுகிறாள். லாரிதான், செம்மண் புழுதியோடு தோட்டத்துக்குள் திரும்புகிறது. பதறிக்கொண்டு உள்ளே வந்தால், அவர் தலை நிமிராமல் ரம்பத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். தரையில் ஒன்று கிடக்கவேண்டிய இடத்தில் மெல்லிய மரத்துண்டுகள் நான்கு. மருதம்மாள் இரண்டு கையாலும் நாற்காலியை அழுத்துகிறாள், பலம்கொண்ட மட்டும் அழுத்துகிறாள். அது இம்மியும் அசையவில்லை.