ஒரு கிண்ணம் புழு

சோய் மேஸ்திரியம்மா அண்டாவோடு சாப்பாட்டுக் கூடத்துக்குள் வந்தபோதே எனக்கு வயிற்றைப் பிரட்டியது.

உள்ளே கூட்டுப்புழு. காலையில் நாங்கள் பட்டுநூல் உருவி முடித்த கூடுகளுக்குள் இருந்தவை. உப்பும் மிளகாயும் போட்டு வேகவைத்து, ஆவி பறக்கக் கொண்டுவந்திருந்தாள்.

வழக்கமாக இதை மூட்டை கட்டி, 'பொன்தேகி, பொன்தேகி' என்று கூவி விற்கும் வண்டிக்காரர்களுக்குத் தள்ளிவிடுவார்கள். பசி தாங்காமல், கூடு வேகும் தொட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டால் புறங்கையில் அடி விழும்.

இன்றைக்கு ஆளுக்கு ஒரு கிண்ணம். சும்மா.

"முட்டையைவிடச் சத்துடி. மாட்டுக்கறிக்கு வக்கில்லாத கழுதைங்க, இதையாவது தின்னுட்டு ஒழுங்கா வேலை பாருங்க."

எந்தச் சத்துக்கு என்று எனக்குத் தெரியும். வெந்த புழுவின் வாடை மசக்கைக்காரிக்கு ஆகாது. குடலே வெளியே வந்துவிடும். மில் மேஸ்திரிகளுக்கு இது கைகண்ட சோதனை. வாந்தியெடுப்பவளின் பை சாயங்காலமே கேட்டுக்கு வெளியே கிடக்கும்.

எனக்கு மூன்றாம் மாதம். இதற்குக் காரணமானவன் பட்டாளத்தில். ஊரில் அப்பா படுத்த படுக்கை. என் சம்பளத்தில்தான் அங்கே அடுப்பெரிகிறது.

தொட்டி நாற்றத்தை வாயால் மூச்சுவிட்டுச் சமாளித்து வந்தேன். முந்தாநாள் ஒரே ஒரு தடவை ஓங்கரித்துவிட்டேன். பக்கத்துத் தொட்டி மல்சுன் திரும்பிப் பார்த்தாள்.

வேறு யார் போட்டுக்கொடுத்திருப்பார்கள்? வந்த நாளிலிருந்தே அவளுக்கும் எனக்கும் ஆகாது. என் நூல் அறுந்தால் பல்லைக் காட்டிச் சிரிப்பாள். அவள் செருப்பைச் சாக்கடையில் எறிந்தவள் நான்.

மேஸ்திரியம்மா என் கிண்ணத்தை மட்டும் குவித்து நிரப்பினாள். என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டாள்.

"தின்னு. மகாராணிக்கு எறங்கலையோ?"

ஒன்றை எடுத்தேன். வரிவரியாக, பழுப்பாக, கொழகொழவென்று. உதட்டருகே போனதுமே தொண்டையில் புளிப்பு ஏறியது.

எதிரே மல்சுன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று எட்டி என் கிண்ணத்தைப் பிடுங்கினாள்.

"இவளுக்கு மட்டும் மலையாட்டம், எனக்கு அடிவண்டலா?"

அள்ளி அள்ளி வாயில் அடைத்தாள். கன்னம் உப்பியது. முகவாயில் சாறு வழிந்தது. மேஸ்திரியம்மா கரண்டியாலேயே அவள் நெற்றியில் ஒன்று போட்டாள். ரத்தம் வந்தது. அப்போதும் மென்றுகொண்டே சிரித்தாள்.

அண்டா காலி. சங்கு ஊதிவிட்டது.

"நாளைக்கும் இருக்குடி." மேஸ்திரியம்மா அதை என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

வேலை முடிந்து குழாயடியில் மல்சுன் நெற்றியைக் கழுவிக்கொண்டிருந்தாள். போய் எதிரே நின்றேன்.

"நீதானே போட்டுக்குடுத்த?"

"ஆமா, உன்னப் பத்திப் பேசறதுக்கு எனக்குத் தனிக் கூலி! நீ ஓங்கரிச்சது முதலாளி வீட்டு நாய்க்கே கேட்டிருக்கும்." காறித் துப்பினாள். "தள்ளு. மூஞ்சியப் பாத்தாலே எரியுது."

நான் நகரவில்லை.

அவள் தலையை நிமிர்த்தாமலே பேசினாள். "நாளைக்கு வாசனை பாக்காத. புளிச்ச கிம்ச்சி ஊறுகாத் தண்ணி ஒரு வாய் வச்சுக்க. முழுசா முழுங்கு, கடிக்காத. கடிச்சா உள்ள இருக்கறது வாயெல்லாம் பரவும். அப்புறம் அடக்க முடியாது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"போன மில்லுல நான் கடிச்சுட்டேன்."