சைபர் நின்ற இடம்

ரத்தச் சோதனைக்கூடத்தின் கணினித் திரையில், சாயத்தின் அளவை வைத்து அளவுகோல் புள்ளிகள் ஏறுவரிசையில் நின்றன. நோய் உள்ள ரத்தத்தில்தான் சாயம் ஒட்டும்; சாயம் கூடக்கூட வெளிச்சமும் கூடும். அடியில் நின்ற சைபருக்குச் சாயமே கிடையாது. ஆனாலும் லேசாக மினுங்கியது.

“ஏண்டா சைபரு, ஓசி வெளிச்சமா?” என்று உச்சிப்புள்ளி இளித்தது.

“என்னோடது இல்லண்ணே, நம்மள வெச்சு அளந்த அடிக்கண்ணாடித் தட்டே மினுங்குது. உங்க வெளிச்சத்துலயும் அது கலந்திருக்கு.”

“எங்களையே சொல்றியா? அம்புக்குறியாரே, இவனைத் தூக்குங்க!”

அம்புக்குறி சைபரை அழித்தது. வெளிச்சமே இல்லாத மூலையில் தொடங்கி, மற்ற புள்ளிகள் வழியே அளவுகோல் கோடு அழகாக ஓடியது.

பிறகு ஒரு நோயாளியின் ரத்தப்புள்ளி வந்தது, லேசாக மினுங்கிக்கொண்டு.

“வெளிச்சம் இருக்கே! அப்போ உனக்கு நோய்தான்,” என்றது கோடு.

“ஐயோ, எனக்குள்ள ஒண்ணுமே இல்லீங்க!” என்று அது அழுதது.

உச்சிப்புள்ளிக்குப் பொறுக்கவில்லை. “அது வெறும் கண்ணாடி மினுக்கம்தான்!” என்று கத்தியது.

“எங்கே, சாயமே இல்லாம மினுங்குற ஒண்ணைக் காட்டு,” என்றது கோடு.

எல்லாப் புள்ளிகளும் அடியில் பார்த்தன. சைபர் நின்ற இடம் காலியாக இருந்தது.