என் காதில் பூவா?

விற்பனையாளர்களுக்குப் பேசிக் கவிழ்க்கும் வித்தையைக் கற்றுக்கொடுப்பதுதான் அப்பாவின் தொழில். 'வாங்குறீங்களா?' என்று கேட்கக் கூடாது, 'சிவப்பா, நீலமா?' என்றுதான் கேட்க வேண்டும் என்பது அவருடைய முதல் பாடம்; எதிரே இருப்பவர் மூச்சு விடும் வேகத்திலேயே பேச வேண்டும் என்பது இரண்டாவது.

அத்தை பார்த்துச் சொன்ன மாப்பிள்ளை அன்று வந்திருந்தான். குரலைத் தாழ்த்தி, அப்பா மூச்சு விடும் வேகத்திலேயே பேசினான்.

"கண்ணை மூடி நினைச்சுப் பாருங்க மாமா. எங்க வீட்டு வாசல்ல உங்க பொண்ணு சிரிச்சுட்டு நிக்கிறா. கல்யாணம் இந்த மாசமா, அடுத்த மாசமா?"

அப்பா எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

"என் சரக்கை என்கிட்டயே விக்கிறான்! யார் காதுல பூ சுத்தறான்?" என்று மீசையை முறுக்கினார்.

மறுநாள் மகளோடு வேலை பார்க்கும் பையன் வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"எனக்குப் பேச வராதுங்க. உங்க பொண்ணைப் பிடிச்சிருக்கு. அவ்வளவுதான்."

அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "இவன் மனுஷன்! ஆளை எடை போடுறதுல நான் தப்பு பண்ணினதே இல்லை."

சமையலறையில் அம்மா கிசுகிசுத்தாள். "ஏண்டி, நேத்து வந்தவனுக்கு அப்பாவோட வித்தையெல்லாம் எப்படித் தெரிஞ்சுது?"

"நான்தான் ஃபோன்ல சொல்லிக்கொடுத்தேன். இப்படிப் பேசினா அப்பா மடங்கிடுவார்னேன்."

"அடிப்பாவி!"

"அப்பா பொண்ணாச்சே!" மகள் தலையை நிமிர்த்தினாள். "அவனைப் பேச வெச்சது பெரிசில்லம்மா. எங்க ஆஃபீஸ்ல சேல்ஸ்ல நம்பர் ஒன் இவன்தான். இவனை ரெண்டு வார்த்தையோட நிறுத்தப் பழக்கினேன் பாரு, அதுக்குத்தான் உயிர் போச்சு!"