வாசலில் மாலத்தீவு

“அண்ணே, ஒனக்கு வெக்கமா இல்ல? வீட்டுக்குப் பின்னாடி பதுங்கிப் பதுங்கிக் குடிக்கிற பார் கட்டுற! வைக்கிறதுதான் வைக்கிற, கேட்டுக்கு நேரா வையி. போறவன் வர்றவன்லாம் காறித் துப்பட்டும். அப்பவாச்சும் புத்தி வரும்.”

ஜெனி போட்ட சத்தத்தில் பென்சனுக்கு ரோஷம் வந்துவிட்டது. பின்பக்கம் நட்டிருந்த மூங்கிலைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கே போய்விட்டான்.

அம்மா சகாயராணி தலையில் அடித்துக்கொண்டாள். சனிக்கிழமை திண்டுக்கல்லிலிருந்து ஜெனியைப் பொண்ணு பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளையின் அப்பா தேவவரம் சார், சபையில் மதுவிலக்குச் சங்கத் தலைவர். இருமல் மருந்தைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார் என்று பேர்.

மாலத்தீவு ரிசார்ட்டில் வேலை பார்க்கும் மகன் லீவில் வந்து, இந்த நேரம் பார்த்துத்தானா பார் கட்ட வேண்டும்?

“ஏலே, இது கொடைக்கானலு. பனியில பல்லு தந்தியடிக்குது, கடக்கரையக் கொண்டாந்து வாசல்ல வைக்கிறியே!”

“அங்க இதுதாம்மா ஃபேஷன்.”

“அங்க துணியில்லாமத் திரியிறதும் ஃபேஷன்தான். அதையும் செய்யி.”

வத்தலக்குண்டிலிருந்து ஏற்றி வந்த தென்னங்கீற்று பனியில் ஊறிச் செத்த எலி நாற்றம் அடித்தது. கூரையில் ஒரு பிளாஸ்டிக் கிளி தொங்கியது. பலகைமேல் வரிசையாகப் பாட்டில்கள்.

“அந்தக் கிளிக்கு ஒரு மப்ளர் வாங்கிப் போடு. செத்துத் தொலையப் போகுது” என்றாள் ஜெனி.

மகளாவது தன் பக்கம் இருக்கிறாளே என்று சகாயராணிக்கு ஓர் ஆறுதல். பி.டி. டீச்சர், விசில் ஊதுகிற வாய் சும்மா இருக்குமா? கல்யாணத்துக்கு அப்புறம் அந்த விசில் கிடையாது. மருமகள் வேலைக்குப் போகக் கூடாது என்று தேவவரம் சார் கறாராகச் சொல்லிவிட்டார். அதைக் கேட்டுச் சோறு தண்ணி இல்லாமல் கிடந்த ஜெனி, அண்ணன் வந்து இறங்கியதிலிருந்து அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

சனிக்கிழமை வெள்ளனே எழுந்து, சகாயராணியே ஒரு தார்ப்பாயைப் போட்டு எல்லாவற்றையும் மூடினாள். காபிக்கு அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வந்தால் தார்ப்பாய் புல்தரையில் கிடந்தது.

“காத்துல பறந்துருச்சும்மா” என்றாள் ஜெனி.

அதற்குள் கார் வந்துவிட்டது. தேவவரம் சார் ஜெபப் புத்தகத்தோடு இறங்கினார். எதிரே ஸ்வெட்டருக்கு மேல் பூப்போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு எவர்சில்வர் குவளையைக் குலுக்கியபடி பென்சன் நின்றான்.

“வாங்க மாமா! மலையேறி வந்துருக்கீங்க. ஹாட்டா ஒண்ணு ஊத்தவா?”

தேவவரம் சார் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். மாப்பிள்ளை இன்னும் கார்க் கதவைக்கூடத் திறக்கவில்லை.

“ஏம்மா, இது பொண்ணு குடுக்குற வீடா, பிராந்திக் கடையா?”

“ஐயா, அவன் ஏதோ கூறுகெட்டு... உள்ள வந்து ஒரு வாய் காபி...”

“ஒங்க வீட்டுத் தண்ணியே வேணாம்மா.”

கார் திரும்பக்கூட இல்லை. வந்த வழியே ரிவர்ஸில் இறங்கிப் பனிக்குள் மறைந்தது.

“பாவி! கூடப் பொறந்தவ வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டியேடா!”

சகாயராணி ஒரு பாட்டிலைப் பிடுங்கி மூடியைத் திருகி, அத்தனையையும் புல்லில் கவிழ்த்தாள். வாசனை வந்தது. குனிந்து மோந்து பார்த்தாள். ஆறிப்போன கடுங்காப்பி.

அவள் வாய் திறக்கும்முன் ஜெனி வந்து உயரமான ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள். கழுத்தில் விசில் ஆடியது. அண்ணன் கையிலிருந்த குவளையை வாங்கி ஒரு மடக்குக் குடித்தாள்.

“ஈஸ்டர் கழிச்சு வர்ற மாப்பிள்ள வீட்லயும் வேலைய விடச் சொல்றாங்களாம். கீத்தப் பிரிச்சிராதண்ணே.”