அட்ராக்டா கொண்டுவந்த கேக்

"அந்த டப்பாவை மேசையில வைக்காதீங்க, ஆக்னஸ் அக்கா" என்றாள் பிலோமினா.

நான் ஏற்கெனவே வைத்துவிட்டேன். துக்க வீட்டுக்கு வந்த பண்டத்தைத் தரையில் வைத்து எனக்குப் பழக்கமில்லை.

அதைக் கொண்டுவந்த அட்ராக்டா இன்னும் பின்வாசலில்தான் நின்றாள். கோட்டிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டியது. உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை.

கூடத்தில் டெக்லனின் சவப்பெட்டி இருந்தது. மூடித் திருகியே கொண்டுவந்தார்கள். முகம் பார்க்கும்படி இல்லை. சனிக்கிழமை பாலத்துச் சுவரில் கார் மோதியதில் இரண்டு பையன்கள் போனார்கள். ஒருவன் பிலோமினாவின் அக்கா நோரீன் பெற்ற டெக்லன். இன்னொருவன் அட்ராக்டா பெற்ற ஃபெர்கல். கார் ஃபெர்கலுடையது.

பிலோமினா டப்பாவைத் திறந்து பார்த்தாள்.

"சாக்லெட் பிஸ்கட் கேக்" என்றாள் அட்ராக்டா. "டெக்லனுக்குப் பிடிக்கும்."

"பிடிக்கும்தான். போன வாரம் வரைக்கும்."

பிலோமினா கேக்கை விரலால் தட்டிப் பார்த்தாள்.

"ஓவனைக்கூடப் போடலையா நீ? வெண்ணெயையும் சாக்லெட்டையும் உருக்கி, பிஸ்கட்டை உடைச்சுக் கொட்டி, ஃபிரிட்ஜுல வச்சு எடுத்துட்டு வந்திருக்கே. அஞ்சு வயசுப் பிள்ளை பண்ணும் இதை."

"ஆமா. அஞ்சு வயசுலதான் அவங்க ரெண்டு பேருக்கும் சொல்லிக் கொடுத்தேன்."

ரொட்டி வெட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மோயா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒரு நிமிஷம் பெட்டியைத் தொட்டுட்டுப் போயிடறேன், பிலோமினா."

"உம்பிள்ளை தொட்டது போதும்."

"ஒரே நிமிஷம்."

"மாடு குறுக்கே வந்தாலும் நிறுத்தாம ஓட்டுறவன்னு ஊருக்கே தெரியும். அவன் கையில யாரு கார் சாவியைக் கொடுத்தா? சொல்லேன். கார் அவனுதுதானே?"

"அவனுதுதான்."

"யாரு வாங்கிக் கொடுத்தது?"

"நான்தான்."

"அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு இங்க வந்தே?"

அட்ராக்டா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கூடத்துக் கதவு பாதி திறந்திருந்தது. அதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். பிறகு மழையில் இறங்கிப் போனாள்.

"அந்த வீட்டுலயும் பிள்ளை கிடக்குதே" என்றாள் மோயா மெதுவாக. "யாராவது போனாங்களா?"

"யாரு போவா? நீ போறியா?"

மோயா மறுபடி ரொட்டியை வெட்ட ஆரம்பித்தாள்.

நானும் போகவில்லை. கோயில் மண்டபத்துச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. துக்க வீடுகளுக்குத் தேநீர்க் கோப்பைகளை எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்குவது என் வேலை. இந்த வீட்டுக்கு அறுபது கொடுத்தேன். போதவில்லை. அட்ராக்டா இருபது வாங்கிப்போனாள். மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தாள். எதையும் கழுவ வேண்டியிருக்கவில்லை.

"இதை இங்க வச்சிருந்தா நாளைக்கு அக்கா முகத்துல எப்படி முழிக்கிறது?" என்று பிலோமினா டப்பாவைத் தூக்கிக்கொண்டு குப்பைத்தொட்டிக்குப் போனாள்.

"கொடு இங்க."

நோரீன் கூடத்துக் கதவருகே நின்றிருந்தாள். காலையில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் வந்ததிலிருந்து பெட்டியை விட்டு அவள் எழுந்து நாங்கள் பார்க்கவில்லை. அவள் பேசியும் கேட்கவில்லை. ஜெபமாலைக்குக்கூட உதடு மட்டும்தான் அசைந்தது.

டப்பாவை வாங்கி மேசையில் வைத்தாள். மோயாவின் கையிலிருந்த கத்தியை எடுத்தாள். கேக் இறுகியிருந்தது. இரண்டு கையாலும் அழுத்தி ஒரு துண்டு வெட்டி, நின்றபடியே தின்ன ஆரம்பித்தாள்.

"துப்பு அக்கா. கொன்னவன் வீட்டுப் பண்டம் அது."

"கத்தாதே. நீ பேசினதெல்லாம் உள்ள கேட்டுது."

"கேக்கட்டும். உனக்காகத்தானே பேசினேன்."

"தெரியும்."

வாயில் இருந்ததை விழுங்க அவளுக்கு நேரமானது.

"காலையில சார்ஜன்ட் கூப்பிட்டு அனுப்பினாரே" என்றாள்.

"ஏதோ கையெழுத்துக்குன்னு சொன்னியே."

"கையெழுத்து இல்லை. என்னையும் அட்ராக்டாவையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வச்சுச் சொன்னாரு. ஃபெர்கல் ஓட்டலையாம். அவன் பக்கத்து சீட்டுல பெல்ட் போட்டு உக்காந்திருக்கான். ஓட்டினது நம்ம டெக்லன்."

பிலோமினா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். அடுப்பில் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. இறக்கி வைக்க எனக்குத் தோன்றவில்லை.

"அட்ராக்டாதான் என் கையைப் பிடிச்சா. 'நாளைக்கு உம்பிள்ளை அடக்கம் முடியட்டும் நோரீன். அதுவரைக்கும் பழி எம்பிள்ளை மேலயே இருக்கட்டும். ஊர் சனம் வராம டெக்லன் தனியாப் போக வேண்டாம்'னு சொன்னா."

நோரீன் அடுத்த துண்டை வெட்டினாள்.

"நான் சரின்னுட்டேன்."