முப்பதடிக் கம்பு

"இந்த அலுமினியக் கம்பையே எடுத்துக்கிடுதேன். இன்னைக்கே வேணும்" என்றாள் அவள்.

பேட்டையில் அந்தச் சின்னப் பட்டறைக்குள் ஓடிக்கொண்டிருந்த லேத் சட்டென்று நின்றது. கணேஷ்ராம் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். பெங்களூர் வேலையை உதறிவிட்டு வந்து, ஊரில் யாரும் கேள்விப்படாத ஒரு சாமானைச் செய்யத் தொடங்கிய பிறகு, வாங்குகிறேன் என்று வந்த முதல் ஆள் அவள்தான்.

ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, இழுத்தால் முப்பது அடிக்கு நீளும் குழாய் அது. உள்ளே ரப்பர் டியூப், நுனியில் பிரஷ். சின்ன மோட்டாரைப் போட்டால் தண்ணீர் டியூப் வழியாக ஏறி பிரஷில் வந்து வழியும். தரையில் நின்றபடியே இரண்டாவது மாடிக் கண்ணாடியைக் கழுவிவிடலாம். ஏணி வேண்டாம்.

ஏணிதான் அவளை இங்கே விரட்டியிருந்தது. டவுனிலும் பாளையங்கோட்டையிலும் புதிது புதிதாக எழும்பும் கடைகளுக்கும் லாட்ஜுகளுக்கும் கண்ணாடி துடைத்துக் கொடுப்பது அவள் தொழில். போன மாதம் ஏணி சறுக்கி, கூட வேலை செய்யும் ஒருவருக்குத் தோள் எலும்பு முறிந்துவிட்டதாம். இனி யாரும் மேலே ஏறுவதில்லை என்று அன்றைக்கே முடிவாகிவிட்டதாகச் சொன்னாள்.

பட்டறையின் கூட்டாளி முகம்மது இப்ராஹிம் லேத்தை விட்டு எழுந்து வந்தார். தூக்கி வேலை செய்யப்போகிற ஆளே வந்து ஒரு தடவை பிடித்துப் பார்த்துவிட்டால் நல்லது, உங்கள் முதலாளியையும் கூட்டிவந்து காட்டுங்கள் என்றார்.

"முதலாளி நான்தான் அண்ணாச்சி. தூக்குத ஆளும் நான்தான்."

பதில் இப்ராஹிமுக்கு, பார்வை மட்டும் கணேஷ்ராம் மேல் இருந்தது. இப்ராஹிம் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து அடங்கியது. கணேஷ்ராம் சிரிக்கவில்லை. "அப்போ வெளிய வாங்க. பிடிச்சுப் பாருங்க" என்று கம்பைத் தூக்கி அவள் கையில் கொடுத்தான்.

துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பக்கத்துக் குடோனின் மாடி ஜன்னலுக்குக் கம்பை நிமிர்த்தினாள். அது ஒரு ஆட்டம் ஆடியது. காலை அகட்டி வைத்து நிறுத்திவிட்டாள். மோட்டார் ஓட, கண்ணாடியில் வருஷக்கணக்காகப் படிந்திருந்த புழுதி கரைந்து செம்மண் நிறத்தில் கோடு கோடாக இறங்கியது. ஜன்னல் பளிச்சென்று துலங்கியதும் இப்ராஹிமே வாய்விட்டுப் பாராட்டினார்.

கணேஷ்ராம் ஜன்னலைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிடி உங்களுக்குப் பெருசா இருக்கு. விரல் சுத்தி வரல. கொஞ்ச நேரத்துல மணிக்கட்டு வலிக்க ஆரம்பிச்சிரும். உங்க கைக்குத் தக்கன சின்னதாக்கணும்."

"ஆக்கிக் குடுங்க. இருந்து வாங்கிட்டுப் போயிருதேன்."

"எங்க கழுவப் போறிய?"

ஜங்ஷனில் ஒரு ஜவுளிக்கடை என்றாள். அந்தத் தெரு அவனுக்குத் தெரியும். கடைகளின் நெற்றியை உரசினாற்போல் கரண்டு ஒயர் போகிற தெரு. கணேஷ்ராம் கம்பை அவளிடமிருந்து வாங்கிச் சுவரில் சாத்தினான்.

"அந்தத் தெருவுக்கு இது ஆகாது. அலுமினியம். ஒயர்ல லேசாப் பட்டாலும் பிடிச்சிருக்க ஆளு பிழைக்க மாட்டாங்க."

உள்ளே போய் இன்னொரு கம்பை எடுத்து வந்தான். கரண்டு பாயாத பைபரில் செய்தது. பளபளப்பில்லை, பார்வைக்கு அழுக்கு மஞ்சள். இதுதான் அவளுக்குச் சரி, ஆனால் ஒரு ஜாயிண்டில் தண்ணீர் கசிகிறது, மதுரையிலிருந்து வேறு வாஷர் வரவேண்டும், இரண்டு வாரம் ஆகும் என்றான். பைபர் என்றாலும் ஈரக் கம்பு, ஒயரை விட்டுத் தள்ளி நின்றுதான் பிடிக்கவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னான்.

இப்ராஹிம் அவனை ஓரமாக இழுத்துப்போனார். முதல் வியாபாரம், கேட்கிற பிள்ளையே விவரமான பிள்ளை, பார்த்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டால் என்ன என்று காதில் முணுமுணுத்தார். அவளும் விடவில்லை. திங்கட்கிழமை வருவதாகக் கடைக்காரரிடம் வாக்குக் கொடுத்தாயிற்று, போகாவிட்டால் அவர் வேறு ஆளைப் பிடித்துவிடுவார், ஒயர் பக்கம் போகாமல் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

"நீங்க எவ்வளவு கேட்டாலும் தர மாட்டேன்" என்றான் கணேஷ்ராம். "ரெண்டு வாரம் பொறுங்க. கடைக்காரர்ட்ட வேணும்னா நானே வந்து பேசுதேன். அதுக்கும் முடியாதுன்னா, வேற இடத்துல பாத்துக்கிடுங்க."

இப்ராஹிம் பெருமூச்சு விட்டுக்கொண்டு லேத்துக்குத் திரும்பிவிட்டார். அவள் துப்பட்டா நுனியில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி. பொறுத்துக்கிடுதேன்."

கணேஷ்ராம் அவள் மொபெட் வரைக்கும் கூடவே நடந்துபோனான். "கம்பு ரெடியானா யாருக்குச் சொல்லி அனுப்பணும்?" என்று கேட்டான்.

வண்டியைக் கிளப்பிவிட்டு, வந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் சிரித்தாள்.

"சொல்லி அனுப்பவேண்டாம். வார வெள்ளிக்கிழமை உங்கம்மாவக் கூட்டிக்கிட்டு ஆழ்வார்குறிச்சில வைத்தியலிங்கம் பிள்ளை வீட்டுக்குப் பொண்ணு பாக்க வாரியல்லா? போட்டோ வேண்டாம், நேர்ல பாத்துக்கிடுதேன்னு சொன்னியளாம். அந்த மதுமதி நான்தான். கண்ணாடி துடைக்குத தொழில்னு எங்கப்பா உங்ககிட்டச் சொல்லியிருக்க மாட்டாவ. அதான், கம்பையும் வாங்கிட்டு, வரவேண்டாம்னு நானே முகத்துக்கு நேரா சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். இப்ப சொல்லுதேன், கட்டாயம் வாங்க."