ஆறாவது கம்பி

"வண்டி அடிக்கடி நின்னுபோறது வேலாயுதம் கைவேலைன்னு மட்டும் தெரியட்டும், அடுத்த கப்பல்லயே அவனை நாகப்பட்டினத்துக்கு ஏத்திவிட்டுடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார் முகைதீன்.

ரவூபுக்கும் அதில் சந்தேகம் இல்லை. 1912இல் சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

வண்டி முகைதீனின் அக்கா கணவர் அப்துல் அலீமுடையது. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரத் துரையிடமிருந்து வாங்கிய பந்தய மோட்டார். பிற்பகல் அசர் தொழுகை முடிந்ததும் முதலாளி அதைத் தானே ஓட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போவார். டிரைவர் வேலாயுதம் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பான்.

போகும்போது ஒன்றும் ஆகாது. திரும்பும்போது, பொழுது சாய்கிற நேரம் பார்த்து, வண்டி நடு ரோட்டில் பொட்டென்று நின்றுவிடும். வேலாயுதம் இறங்கி எதையோ தட்டுவான். "நீங்க இந்தப் பக்கம் உக்காருங்க முதலாளி, சூடாயிடுச்சு, நான் பதமா ஓட்டிட்டு வர்றேன்" என்பான்.

பந்தய வண்டி ஓட்டுகிற ஆசையில் முதலாளியையே ஏமாற்றுகிறான் என்று ஊர் பேசிக்கொண்டது.

அதனால்தான் வண்டி இன்று ரவூபின் பட்டறைக்கு வந்திருந்தது.

ரவூப் காலையிலிருந்து எஞ்சினைப் பிரித்துக்கொண்டிருந்தான். கழற்றிய ஒவ்வொரு குழாயையும் வாயில் வைத்து ஊதினான், மோந்து பார்த்தான். தண்ணீர்க் குழாய்க்குப் பச்சைத் துணி, பெட்ரோலுக்குச் சிவப்பு, எண்ணெய்க்கு மஞ்சள் என்று கட்டிச் சாக்கின் மேல் வரிசையாக வைத்தான். வெளியே சுண்ணாம்புக் காளவாய்ப் புகை வெயிலில் மிதந்தது. ஒரு செப்புக் குழாயை ஊதியபோது தூரத்துக் கப்பல் கூப்பிடுவது போல ஒரு சத்தம் வந்தது. அதைக் கேட்டபடி கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கடற்காற்று முகத்தில் அடிக்க, தென்னை மரங்கள் பின்னால் பின்னால் ஓட, அந்த வண்டியில் தானே போவது போல இருந்தது.

அப்புறம் கம்பிகளை எண்ணினான்.

நெருப்புப்பொறி தருகிற மேக்னட்டோவிலிருந்து நாலு பிளக்குக்கு நாலு கம்பி. வண்டியை நிறுத்துகிற விசைக்கு ஒன்று. ஐந்துதான் வேண்டும்.

ஆறு இருந்தது.

ஆறாவதைப் பிடித்துக்கொண்டே போனான். அது அடிப்பலகைக்குக் கீழே ஊர்ந்து, இடப்பக்க இருக்கைக்கு முன்னால் ஒரு சின்னப் பித்தளைப் பொத்தானில் முடிந்தது. குதிகாலால் லேசாக அழுத்தினால் போதும், பொறி அணைந்துவிடும். வண்டி நின்றுவிடும்.

வேலாயுதம் உட்காருகிற இடம்.

"மாட்டினியா!" என்று வாய்விட்டே சொன்னான் ரவூப்.

"மாட்டிக்கிட்டேன் ரவூபு" என்றது ஒரு குரல். வாசலில் வேலாயுதம் நின்றிருந்தான்.

"வெக்கமா இல்லையாண்ணே? உப்புப் போட்ட மனுஷனுக்கு இப்படியா செய்வே?"

வேலாயுதம் ஒரு மரப்பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"பொழுது சாஞ்சா முதலாளிக்குக் கண்ணு தெரியாது ரவூபு. எட்டு மாசமா. யார்கிட்டயும் சொல்லல. ஒருநாள் எருமைக் கூட்டம் குறுக்கே வந்துது. அதைப் பாத்து 'வேலாயுதம், மேகம் எவ்வளவு தாழ இறங்கி வருது பாத்தியா'ன்னு கேட்டுக்கிட்டே வண்டியை விடறாரு. அன்னிக்கு நான்தான் சக்கரத்தைத் திருப்பினேன். மறுநாள் இந்தக் கம்பியை இழுத்தேன்."



"கண்ணு தெரியலன்னா ஓட்டாதீங்கன்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"காத்து மூஞ்சில அடிக்கும்போது அவரைப் பாத்திருக்கியா? சின்னப் பிள்ளை மாதிரி சிரிப்பாரு. கடையில, வீட்டுல, எங்கயும் அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. அதை நான் எப்படிப் பிடுங்குவேன்?" கொஞ்சம் நிறுத்தி, "என்னைத் திருடன்னு சொல்லிடு. பரவாயில்ல. அவரு கண்ணைப் பத்தி மட்டும் வெளியே விட்டுடாதே" என்றான்.

ரவூப் கம்பியைச் சுருட்டி ஓரமாக வைத்தான்.

"நீ வீட்டுக்குப் போண்ணே. நான் பாத்துக்கறேன்."

அவன் போய்ச் சேர்ந்திருக்க மாட்டான், கைத்தடிச் சத்தம் கேட்டது. கடை வாசல்களை ஒட்டிய ஐந்தடிப் பாதையின் விளிம்பைத் தட்டித் தட்டி அப்துல் அலீம் தனியாக வந்துகொண்டிருந்தார். வெளிச்சம் மஞ்சளாகக் குறைந்துகொண்டிருந்தது. ரவூப் ஓடிப்போய் நாற்காலி போட்டான்.

"என்ன கண்டுபிடிச்சே ரவூபு?"

"பெட்ரோல் குழாயில அழுக்கு முதலாளி. அதான் நின்னு நின்னு போச்சு. சுத்தம் பண்ணிட்டேன். வேலாயுதண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல."

"கம்பியெல்லாம்?"

"எல்லாம் சரியா இருக்கு முதலாளி. அஞ்சு கம்பி, அஞ்சும் இருக்கு."

அப்துல் அலீம் சிரித்தார். ரவூப் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, வெறும் காற்றைப் பார்த்தபடி சொன்னார்:

"ஆறு இருக்கணுமேப்பா. மச்சான் நச்சரிப்புத் தாங்காமத்தான் வண்டியை விட்டேன், நீ பாட்டுக்கு அதைக் கழட்டி எறிஞ்சுடுவியோன்னு ஓடி வந்தேன். அந்தக் கம்பி இருக்கிற தைரியத்துலதான் நான் ஓட்டறேன். இருந்த இடத்துலயே மாட்டிடு. எனக்குத் தெரியும்னு மட்டும் வேலாயுதத்துக்குத் தெரிய வேணாம், பாவம், கூச்சப்படுவான்."